நாக்குக்காரர் வீட்டுக் குச்சி

கெட்டுப்போன பாலில் போட்ட டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார் அவர். அண்ணி டம்ளரை வாங்காமல் அவரையே பார்த்தாள்.

வேண்டுமென்று போட்டதல்ல. காலை அவசரத்தில் நேற்றைய பாத்திரத்துப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டாள். தன் பங்கை வாயில் வைத்ததும் தூ என்று துப்பிவிட்டு, அவரைத் தடுக்க ஓடி வந்தால் மனுஷன் குடித்தே முடித்துவிட்டார். வேறு யாராவது என்றால் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடலாம். இவர் யார்? பால் வண்டி தெருமுனை திரும்பும்போதே, "அந்தக் கடைசி கேன் சரியில்ல, இறக்காதே!" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுக்கிற ஆள். சந்தையில் அவருக்குப் பெயரே நாக்குக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்கு வழி தெரியாது. நாக்குக்காரர் வீடு என்றால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிடுவார்கள்.

அண்ணி என்பது அவருடைய மனைவி. கொழுந்தன் கூப்பிட்டு, பிறகு பால்காரர்கள் கூப்பிட்டு, கடைசியில் அந்தத் தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள்.

"ஏங்க, டீ எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"பால் திரிஞ்சு போயிடுச்சுங்க."

அவர் டம்ளரைப் பார்த்தார். அடியில் துணுக்குத் துணுக்காகப் பால் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவளைப் பார்த்தார். திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

"எப்பத்திலேர்ந்து?" என்றாள்.

"காய்ச்சல்ல படுத்தேன்ல, அதுலேர்ந்து. முதல்ல சளின்னு நினைச்சேன். இன்னிக்கு வந்துடும் நாளைக்கு வந்துடும்னு பாத்தேன். வாசனையும் போச்சு, ருசியும் போச்சு. வாயில மண்ணைப் போட்டாலும் மாவைப் போட்டாலும் எனக்கு ஒண்ணுதான்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வந்தாலும் வரும், வராமலும் போகும்னாரு. இதைச் சொல்ல டாக்டர் எதுக்கு, நானே சொல்லுவேனே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தம்பிகிட்ட சொல்லுவே. தம்பி வாய் சும்மா இருக்காது. நாக்குக்காரருக்கு நாக்கு போச்சுன்னு சந்தையெல்லாம் சிரிக்கும். இந்தா பாரு, யார்கிட்டயாவது மூச்சு விட்டே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

அண்ணி மூச்சு விடவில்லை. ஆனால் அந்த நிமிஷமே அவளுக்குப் பல விஷயங்கள் விளங்கிவிட்டன. அவர்களிடம் சீஸ் வாங்கும் பேக்கரிக்காரர் ஏன் கொஞ்ச நாளாகக் கட்டிகளைத் திருப்பி அனுப்புகிறார் என்பதும் விளங்கியது.

அவர்கள் வீட்டில் செய்வது சீஸ். வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஓர் அறை. நடுவில் பெரிய எஃகுத் தொட்டி, சுவரோரம் அழுத்துகிற அச்சுகள், அதற்கப்பால் கட்டிகள் பதமாகிற குளிர்ந்த உள்ளறை. அண்ணன் செய்வார், அண்ணி உப்புப் போட்டு அச்சில் அடைப்பாள், தம்பி வண்டியில் கொண்டுபோய் விற்பார். காலையில் பால் காய்ந்து ஆறும், உறை விழும், பிறகு பாலைக் கட்டியாக்குகிற மருந்து சேரும். கட்டி தட்டியதும் நீளக் கத்தியால் அறுத்து, மெல்லச் சூடேற்றிக் கிளறி, பிரிந்த தண்ணீரை வடிப்பார்கள். மிச்சம் இருப்பது தொட்டியின் அடியில் பாளம் பாளமாகப் படிந்துவிடும். அதைப் புரட்டிப் புரட்டி அடுக்க வேண்டும். முதுகு ஒடிகிற வேலை அது. முழங்கை வரைக்கும் பால் வாடை ஏறிவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது.

இவ்வளவையும் கையும் காலும் இருக்கிற யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். விஷயம் அதற்கப்புறம்தான் இருக்கிறது. பாளம் அடுக்கியிருக்கும்போது உள்ளே புளிப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அதைத் துண்டுபோட்டு உப்புத் தூவினால் ஏற்றம் அடங்கும். முந்திவிட்டால் கட்டி ரப்பர் மாதிரி சப்பென்று நிற்கும். பிந்திவிட்டால் புளித்து, தொட்டால் உதிரும். அது எந்த நேரம் என்று கடிகாரம் சொல்லாது. வெயில் நாளில் சீக்கிரம், மழை நாளில் தாமதம். மாடு என்ன தின்றதோ அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நாக்குக்காரர் ஒரு கிள்ளுக் கிள்ளி நாக்கு நுனியில் வைப்பார். "இல்ல" என்பார். கொஞ்சம் கழித்து மறுபடியும் "இல்ல." பிறகு ஒருமுறை நாக்கில் வைத்ததும், "போடு!" அந்தப் 'போடு'வுக்குத்தான் அண்ணி கத்தியோடு காத்திருப்பாள்.

காய்ச்சலுக்குப் பிறகும் அவர் கிள்ளினார், நாக்கில் வைத்தார், "போடு" என்றார். எல்லாம் நடிப்பு. கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு சொன்ன 'போடு'.

தம்பிக்கு இது தெரியாது. அவர் பால்காரர்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "தண்ணிய கலக்கறானுங்க அண்ணே, நான் விடப்போறதில்ல" என்று குதித்தார். ஒரு நாள் பேக்கரிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்று சொல்லிவிட்டார்: "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இன்னொரு லோடு திரும்பி வந்துச்சுன்னா இதைக் கட்டி இழுக்க முடியாது. தொட்டியைக் கொடுத்துட்டு அறையை எவனுக்காவது குடோனுக்கு விட்டுடுவோம். நான் ஒரு வேலைக்குப் போறேன். நீங்களும் நிம்மதியா இருங்க."

நிம்மதியாம்! இந்த அறையை விட்டு வெளியே வந்தால் அவர் ஒரு மாதத்தில் சுருண்டு படுத்துவிடுவார் என்பது அண்ணிக்குத் தெரியும். தொட்டியைப் போக விடக்கூடாது, இவரை அதன் பக்கத்திலிருந்து நகர விடக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். அவள் முடிவு செய்தால் செய்ததுதான், அதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

பால் வாங்குகிற நிலையத்தில் ஒரு மீட்டரைப் பார்த்திருக்கிறாள். ஒயரின் நுனியில் ஒரு குச்சி இருக்கும். அதைப் பாலில் விட்டால் புளிப்பை எண்ணாகச் சொல்லும். அந்த எண்ணுக்குப் பிஎச் என்று பெயர். நாக்கு செய்த வேலையைக் குச்சி செய்யட்டுமே! மறுநாளே பஸ் ஏறினாள்.

சோதனைச்சாலைச் சாமான் விற்கிற தெருவில், கண்ணாடிக் குடுவைகள் அடுக்கிய ஒரு கடை. கடைக்காரர் வழுக்கைத் தலைக்காரர், சிடுமூஞ்சி. கேட்ட சாமானைத் தருவதற்கு முன் கேள்வி கேட்கிற ரகம்.

"பிஎச் மீட்டர் இருக்கு. எலெக்ட்ரோடு, அதான் அந்தக் குச்சி, எதுக்கு வேணும்? எதுல விடப் போறீங்க?"

அண்ணி யோசித்தாள். பால் என்று சொன்னால், எந்தப் பால், எந்த வீடு, யார் என்று ஒவ்வொன்றாக நீளும். இந்தத் தெருவுக்கும் சந்தைக்கும் எத்தனை வாய்கள்! "தண்ணி" என்றாள். "கிணத்துத் தண்ணி பாக்கறதுக்கு."

"தண்ணிக்குன்னா இது போதும்" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். நுனியில் சின்னதாக, உருண்டையாக, மெல்லிய கண்ணாடிக் குமிழ். குமிழுக்கு ஒரு மூடி. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஜெயித்துவிட்ட மாதிரி வீடு திரும்பினாள்.

வந்ததும் மூடியைக் கழற்றினால் உள்ளே ஏதோ தண்ணீர். முகர்ந்தாள், உப்பு வாடை. 'கண்டவன் தொட்ட அழுக்குத் தண்ணி' என்று சாக்கடையில் கொட்டினாள். குச்சியை வெந்நீரில் கழுவி, துணியால் பளபளவென்று துடைத்து, பால் கேன்களோடு மொட்டை மாடி வெயிலில் காயவைத்தாள். பால் புழங்குகிற வீட்டில் ஈரத்தை விட்டுவைப்பார்களா? எது கழுவினாலும் கவிழ்த்துக் காயவைப்பதுதான் அங்கே முதல் பாடம். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அப்படியே செய்தாள்.

முதல் நாள் அவரைத் தொட்டிப் பக்கம் உட்காரவைத்து மீட்டரைக் காட்டினாள். மீட்டரோடு வந்த தாளில், தண்ணீருக்கு ஏழு என்று போட்டிருந்தது.

"புளிப்பு ஏற ஏற எண் இறங்குமாங்க."

"ஏற ஏற இறங்குதா? தலைகீழா இருக்கே. வாங்கும்போதே கெட்டுப்போனதைக் கொடுத்துட்டானா?"

"அது அப்படித்தானாம். நிலையத்துல கேட்டேன். அஞ்சரைக்குக் கொஞ்சம் கீழ வந்தா துண்டு போடலாம்னு சொன்னாங்க."

வடிந்த தண்ணீரில் விட்டபோது எண் ஒழுங்காக நின்றது. பாளத்தில் வைத்தால்தான் வினை. குமிழ் உள்ளே இறங்க மறுத்தது, அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று பயம். ஒரு துணுக்கைக் கிள்ளித் தண்ணீரில் கரைத்து, அதில் விட்டுப் பார்த்தாள். எண் ஆடியது, நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. நாளாக நாளாக மந்தமாகிக்கொண்டே போனது. ஆனாலும் அது சொன்னதை நம்பி, ஐந்தரைக்குக் கீழே வந்ததும் "போடு" என்றார் அவர். அந்தக் கட்டிகள் பதமாகி, தம்பி வண்டியில் போய், மறுநாளே அதே வண்டியில் திரும்பி வந்தன.

தம்பி ஒரு கட்டியைத் தூக்கி மேசையில் வைத்தார். அது தானாகவே விண்டு விழுந்தது.

"பேக்கரிக்காரர் இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கறேங்கறாரு. அதுவும் பழக்கத்துக்காக. அதோட முடிஞ்சுது." திரும்பும்போதுதான் அலமாரியில் குச்சியைப் பார்த்தார். "இது என்ன அண்ணி?"

"புளிப்பு பாக்கறது."

"அண்ணன் நாக்கு இருக்கும்போது குச்சி எதுக்கு? அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?" அவர் குரல் ஏறியது. "ஊரே நம்புது, கட்டினவங்க நம்ப மாட்டேங்கறாங்க! இப்படி ஆளாளுக்குக் கை வச்சா கட்டி எப்படி உருப்படும்? அண்ணே, நீங்க எப்படி இதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

அண்ணி கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாக்குக் கொடுத்துவிட்டாளே, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தம்பி கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

"உன் குச்சி பொய் சொல்லுது" என்றார் அவர்.

அண்ணி உதிர்ந்து கிடந்த கட்டியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"குச்சி பொய் சொல்லலைங்க. நான்தான் சொன்னேன். கடையில எதுக்குன்னு கேட்டாங்க. தண்ணிக்குன்னு சொன்னேன். தண்ணிக்குக் கொடுத்ததைப் பால்கட்டியில குத்திட்டு, அது மேல பழி போட்டா எப்படி?" நிமிர்ந்தாள். "நாளைக்குப் போறோம். நீங்களும் வர்றீங்க."

"நான் எதுக்கு?"

"நாக்கு உங்களோடது. அளவு எடுக்காம சட்டை தைக்க முடியாது. கிளம்புங்க."

மறுநாள் கொஞ்சம் பாலை மட்டும் தொட்டியில் ஏற்றி, பாளமானதும் அதை வெட்டி டப்பாவில் அடைத்து, துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவர், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகப்படுகிற பிள்ளை மாதிரி.

கடைக்காரர் பழைய குச்சியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் கோணியது.

"கிணத்துத் தண்ணின்னு சொன்னீங்க. உங்க கிணத்துல மாடு விழுந்துடுச்சாம்மா? இவ்வளவு கொழுப்பு ஒட்டிக் கிடக்கு!"

அண்ணி சிரிக்கவில்லை. "பொய் சொல்லிட்டேங்க. சீஸ்ல விட்டேன்."

"டாக்டர்கிட்ட வயித்துவலியைச் சொல்லாம தலைவலிக்கு மாத்திரை வாங்கின கதையா இருக்கே. மூடியில தண்ணி இருந்துச்சே, அது எங்க?"

"கொட்டிட்டேன். கழுவிக் காய வச்சேன். தினமும்."

"காய... வெயில்லயா?" அவர் வழுக்கைத் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அது சாகறதுக்கு அதுவே போதும். இந்தக் கண்ணாடி எப்பவும் நனைஞ்சே இருக்கணும். சும்மா தண்ணியும் ஆகாது, மூடியில இருந்த அந்த உப்புத் தண்ணிதான். போகட்டும், இங்க பாருங்க. பக்கத்துல ஊசிமுனை அளவுக்கு ஒரு வாய் இருக்கு. உள்ளே இருக்கற உப்புக் கரைசல் இது வழியா துளித்துளியா வெளிய கசிஞ்சாத்தான் எண் சரியா வரும். உங்க பால் போய் அந்த வாயை அடைச்சுடுச்சு. அப்புறம் அது என்ன செய்யும், வாய்க்கு வந்ததைச் சொல்லும்."

"அடைக்காத வாய் உள்ளதா கொடுங்க."

"கேளுங்க முதல்ல. கட்டியா, கூழா, தண்ணியா? சூடு எவ்வளவு? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? யார் பாக்கறது?" கடைசிக் கேள்வியை நாக்குக்காரரைப் பார்த்துக் கேட்டார். "ஏன் சார், இத்தனை நாள் எப்படிப் பாத்தீங்க?"

அண்ணி வாயைத் திறக்கவில்லை. அவர் மேசை மேலிருந்த ஒரு குடுவையை நகர்த்தி வைத்தார், மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

"நாக்குல" என்றார். "நாக்குல வச்சுச் சொல்லுவேன். இப்ப முடியாது. எனக்கு ருசி போயிடுச்சு."

முன்பின் தெரியாத ஒருத்தரிடம்தான் அது முதலில் வெளியே வந்தது. கடைக்காரர் 'ஐயோ பாவம்' என்று சொல்லவில்லை, அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். "அப்ப தெளிவா இருக்கணும். தப்பான எண் வந்தா கண்டுபிடிக்க உங்களுக்கு வேற வழி இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் மூன்று பெட்டிகளோடு வந்தார்.

முதலாவது நீளமான கண்ணாடிக் குழாய். கரைசல் தீரத் தீர மேலே ஊற்றிக்கொள்ளலாம். "மூணுலயும் துல்லியம் இதுதான். ரொம்ப வருஷம் உழைக்கும்."

"கை தவறி உடைஞ்சா?"

"கண்ணாடிதானே, உடையும்."

"சாப்பிடற சாமான்ல கண்ணாடித் துண்டா! வேணாம், உள்ளே வைங்க."

இரண்டாவது தட்டை முகம். மேலே ஒட்டவைத்தால் போதும், குத்தவே வேண்டாம் என்றார். நாக்குக்காரர் முதன்முறையாகக் கையை நீட்டி அதை வாங்கிப் பார்த்தார். "பாளத்துக்கு மேல்தோல் காத்துல காயும். உள்ளே வேற, மேல வேற. தோலை நக்கிட்டு 'போடு' சொல்ல முடியுமா? உள்ளேதான் பாக்கணும்" என்றார். வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அவர் குரல் பழைய குரலாகிவிட்டதை அண்ணி கவனித்தாள்.

மூன்றாவது ஈட்டி முனை. உடம்பு பிளாஸ்டிக், முனையைச் சுற்றி எஃகுக் கத்தி உறை. குத்தினால் இறங்கும். "முனை கண்ணாடிதான், ஆனா தடிச்சது. இதுல ஊசி வாய் கிடையாது, உள்ளே இருக்கற கூழ் நேராவே வெளியைத் தொடும். அதனால கொழுப்பு அடைக்காது. சூட்டையும் சேத்துப் பாத்துத் தானே சரிபண்ணிக்கும். ஒரே குறை, ஆயுசு கம்மி. அதுல இருக்கற கூழ் தீர்ந்துட்டா தூக்கிப் போட வேண்டியதுதான்."

"ஆயுசு கம்மின்னா போகுது. இருக்கற வரைக்கும் உண்மையைச் சொன்னா சரி" என்றபடி அண்ணி டப்பாவைத் திறந்து பாளத்தை மேசை மேல் வைத்தாள். "குத்திக் காட்டுங்க."

"இங்கேயா? புதுச் சாமானும்மா. குத்தினதை யார் வாங்குவாங்க?"

"நாங்கதான் வாங்குவோம். சரியா சொல்லலைன்னா நீங்க வச்சுக்குங்க. புடவை எடுக்கப் போனா பிரிச்சுப் பாக்கறோம், முலாம்பழம் வாங்கினா தட்டிப் பாக்கறோம். இதைப் பாக்காம வாங்கச் சொல்றீங்களே!"

கடைக்காரர் அவரைப் பார்த்தார். "இவங்க வீட்டுலயும் இப்படித்தானா சார்?"

"இங்க கொஞ்சம் அடக்கம்" என்றார் நாக்குக்காரர்.

குத்தினார்கள். எண் சறுக்கி இறங்கி ஓர் இடத்தில் நின்றது. இன்னொரு பக்கம் குத்தினார்கள், ஏறக்குறைய அதே எண். அண்ணி மறுபடியும் குத்தச் சொன்னாள். கடைக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டு இரண்டு சின்னப் புட்டிகளையும் எடுத்துவைத்தார். ஒன்றில் ஏழு, ஒன்றில் நாலு. "தினமும் வேலைக்கு முன்னாடி இது ரெண்டுலயும் முக்கிக் கேளுங்க. ஏழை ஏழுன்னும் நாலை நாலுன்னும் சொன்னா அன்னிக்கு நம்பலாம். துணியால துடைக்காதீங்க, கழுவி ஒத்தி எடுங்க. வேலை முடிஞ்சா பால் பிசுக்கைப் போக்கற மருந்துல கொஞ்ச நேரம் வைங்க, அப்புறம் மூடியில உப்புத் தண்ணி விட்டு மூடுங்க. வெயில்ல வைக்கணும்னு கை அரிச்சா, கேனை மட்டும் வைங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணி ஒரு சட்டம் போட்டாள். குச்சியைத் தொட்டிக்குள் கொண்டுபோகக் கூடாது. பாளத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, தனிக் கிண்ணத்தில் வைத்துத்தான் குத்த வேண்டும். குச்சி தொட்ட துண்டு தொட்டிக்குத் திரும்பாது. அவர் தலையாட்டினார்.

பேக்கரிக்காரருக்கான கடைசி லோடு செய்கிற அன்று வெயில் கொளுத்தியது. ஓடு சுட்டு, அறையே அடுப்பாகியிருந்தது. மூவரும் வேலையில் நின்றார்கள். நம்பிக்கை போய்விட்டதால் அன்றைக்குத் தம்பியும் வண்டியை விட்டுவிட்டு உள்ளேயே இருந்தார். பாளங்களைப் புரட்டிப் புரட்டி மூவருக்கும் வியர்வை வழிந்தது. அண்ணி ஒரு துண்டை வெட்டிக் குத்தினாள். ஐந்து புள்ளி எட்டு. கொஞ்ச நேரத்தில் ஐந்து புள்ளி ஆறு. வழக்கத்தைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த துண்டில் ஐந்து புள்ளி நாலு.

"போடு!" என்றார் நாக்குக்காரர்.

தம்பி நடுவில் வந்து நின்றுவிட்டார். "அண்ணே! மணியைப் பாருங்க. இன்னும் நேரம் கிடக்கு. எப்பவும் இதுக்குள்ள போட மாட்டீங்களே. நாக்குல கூட வைக்கல, அந்தக் குச்சியைப் பாத்துட்டுச் சொல்றீங்க. இதுதான் கடைசி லோடுண்ணே. கிள்ளி வாயில வச்சுச் சொல்லுங்க, நான் நகர்றேன்."

"தம்பி, நகரு. புளிச்சுக்கிட்டே போகுது."

"வாயில வைங்கண்ணே!"

நாக்குக்காரர் ஒரு கிள்ளு எடுத்தார். அண்ணி அவர் கையையே பார்த்தாள். மறுபடியும் நடிக்கப் போகிறாரா? அவர் அதை வாய்வரைக்கும் கொண்டுபோனார், வைக்கவில்லை. தம்பியின் உள்ளங்கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"எனக்குத் தெரியாதுடா. காய்ச்சலோட போயிடுச்சு. இத்தனை நாள் உன்னை ஏமாத்தினேன். திரும்பி வந்த லோடு எல்லாம் என்னால வந்தது. பால்காரன் பாவம், உங்க அண்ணி அதைவிடப் பாவம்."

தம்பி கையிலிருந்ததையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏண்ணே என்கிட்ட சொல்லல?" குரல் உடைந்துவிட்டது. "நான் என்ன வெளி ஆளா?"

"அழறதை அப்புறம் வச்சுக்கலாம்" என்று அண்ணி இடையில் புகுந்தாள். ஏழும் நாலும் இருந்த புட்டிகளை எடுத்துத் தம்பி கண்ணெதிரே திறந்தாள். "குச்சியை நம்பலைன்னா நீங்களே முக்கிப் பாருங்க. சீக்கிரம்."

தம்பி கழுவி முக்கினார். ஏழு. மறுபடி கழுவி முக்கினார். நாலு. புதிய துண்டில் தானே குத்தினார். எண் இன்னும் ஒரு படி இறங்கியிருந்தது.

"ஐயோ, இறங்குது அண்ணி! கத்தி எங்க?"

மூவரும் பாளங்களைத் துண்டுபோட்டார்கள், உப்புத் தூவினார்கள், கையாலேயே கிளறினார்கள். அண்ணியின் விரலில் கத்தி கீறிய இடத்தில் உப்புப் பட்டு எரிந்தது, நிறுத்தவில்லை. கடைசி அச்சின் திருகை இறுக்கிய பிறகுதான் தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்து ஓவென்று அழுதார். அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெயில் போய், மழை வந்தது. கட்டிகள் உள்ளறையில் பதமாயின. அண்ணி தினமும் அவற்றைப் புரட்டி வைத்தாள், துணியால் துடைத்தாள். அமுக்கிப் பார்க்கக் கை துறுதுறுத்தாலும் அடக்கிக்கொண்டாள்.

பேக்கரிக்காரர் நேரிலேயே வந்தார். பெரிய உடம்பு, மாவு படிந்த செருப்பு. கட்டியை வெட்டும்போது கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது, ஒரு துகள்கூட உதிரவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல் துண்டை நாக்குக்காரரிடம் நீட்டினார். செய்தவர் தின்ற பிறகுதான் வாங்குகிறவர் தின்பது அவர்களுக்குள் பழைய வழக்கம்.

"நீங்க சாப்பிடுங்க" என்றார் நாக்குக்காரர். "எனக்கு ருசி போயிடுச்சு. உங்களுக்கு வந்த மோசமான கட்டியெல்லாம் அதை மறைச்சுக்கிட்டு நான் செஞ்சது. இதை மீட்டர் வச்சு மூணு பேருமா செஞ்சோம். நல்லா இல்லைன்னா தாராளமா திருப்பி அனுப்புங்க. ஆனா நாங்க நிறுத்தப்போறதில்ல. அடுத்ததைக் கொண்டுவந்து உங்க கடை வாசல்ல நிப்போம்."

பேக்கரிக்காரர் துண்டை வாயில் போட்டார். மென்றார். மனுஷன் மென்றுகொண்டே இருந்தார். தம்பி சட்டைப் பொத்தானைத் திருகித் திருகி அறுத்தேவிட்டார்.

"வர்ற வாரத்திலேர்ந்து பழையபடி அனுப்புங்க" என்றார் பேக்கரிக்காரர். வாசல்வரை போய்த் திரும்பினார். "சொல்லியிருக்கலாமே நாக்குக்காரரே. நான் வேற கண்டபடி பேசிட்டேன்."

தம்பி அவரை வழியனுப்பப் பின்னாலேயே ஓடினார். அறையில் இவர்கள் இருவரும்தான். நாக்குக்காரர் மேசை முன்னால் உட்கார்ந்து ஒரு துண்டை மென்றார்.

"மெத்துன்னு இருக்கு. பல்லுல ஒட்டல. இதுவரைக்கும் எனக்குத் தெரியுது. மீதியை நீ சொல்லு."

அண்ணி ஒரு துண்டு தின்றாள். "நல்லா இருக்குங்க."

"நல்லா இருக்குன்னு வாங்க வந்தவர் சொல்லலாம். நீ சொல்லக் கூடாது. என்ன தெரியுதோ அதைச் சொல்லு."

"புளிப்பு அளவா..."

"புளிப்பு மீட்டருக்கே தெரியும். வேற சொல்லு."

அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் உப்புப் போட்டவள், ருசியைச் சொல்ல வாயில் வார்த்தை இல்லையே! இன்னொரு துண்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அவசரப்படாமல் மென்றாள்.

"முதல்ல உப்பு வருது. உடனே போயிடுது. அப்புறம் வெண்ணெய் மாதிரி பரவுது. முழுங்கின பிறகு..." நிறுத்தினாள். "முழுங்கின பிறகு ஒண்ணு வருதுங்க. தொண்டைக்கிட்ட. கசப்பு இல்ல. லேசா, வறுத்த கடலை மாதிரி."

அவர் முன்னால் சாய்ந்தார். "கடைசியிலயா வருது?"

"ஆமா."

"நிக்குதா, போயிடுதா?"

"நிக்குதுங்க. இன்னும் நிக்குது."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அண்ணி பயந்துபோய்ப் பக்கத்தில் வந்தாள். கையை எடுத்தபோது அவர் கண்ணெல்லாம் ஈரம். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அதேதான்" என்றார். "முன்னாடி என் கட்டியில கடைசியா வந்து நிக்குமே, அதேதான் அது. எனக்குத் தெரியும் அது." கத்தியை எடுத்து இன்னொரு துண்டை மெல்லிசாக வெட்டி அவள் கையில் வைத்தார். "சாப்பிடு. மெதுவா சாப்பிடு. எதையும் விட்டுடாம சொல்லு."